புல்லே காப்பு: குழல்மீனின் மறைவாழ்வு

பழந்தமிழர் கடாரம் என்றழைத்த கெடாவில், லங்காவித் தீவுகளை ஒட்டிய ஆழங்குறைந்த கடலில் கடற்புல் வளர்கிறது. தமிழகத்துப் பாக் நீரிணையிலும் வளர்கிறது. கடற்புல்லில் வாழ்வனவற்றுள் கடற்குதிரையின் உறவினமான குழல்மீனும் ஒன்று. பாக் நீரிணையில் காணப்படும் ஓரினத்தை நோக்குவோம்.

ஏறத்தாழ 29 செ.மீ. வரை வளரும் அதன் பச்சை உடல் புல்லிலையை ஒத்திருக்கும். துடுப்பற்ற வாலால் இலையைப் பற்றிக்கொண்டு, நீரசைவுக்கேற்பத் தானும் அசையும். இரைதேடும் பெருமீனுக்கு அது இலையாகவே தோன்றும்.

முட்டைகளைச் சுமப்பது ஆண்மீன். கடற்குதிரைக்குள்ள மூடிய பை அதற்கில்லை. முட்டைகள் வயிற்றின் அடிப்புறத்தில் வெளிப்படையாக ஒட்டியிருக்கும். ஆகவே, புல்லின் மறைப்பே முட்டைகளுக்கும் காப்பு.

இந்தியா 2001-இல் இம்மீன் குடும்பத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. எனினும், புல்வெளி அழிந்தால் மறைத்த பச்சையே மீனைக் காட்டிக்கொடுக்கும். எனவே, மாணவர்க்கு மீனைக் காட்டும்போது புல்லையும் சேர்த்தே காட்டுவோம்.