டாக்டர்களுக்கே பாடம் எடுக்கும் அயப்பாக்கம்: பி.சி.பி.ஆர் படிப்பு ஏன் கட்டாயம்?

எம்.டி., எம்.எஸ் முடிச்சாச்சு, மருத்துவக் கல்லூரியில் வேலையும் கிடைச்சாச்சு. அதுக்கு அப்புறமும் டாக்டருக்கு ஒரு பரீட்சை இருக்கு. அதை நடத்துவது அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்.

எப்போது வந்தது இந்த நிறுவனம்?

ஆவடியில் இருந்த ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999 ஜூலையில் உருவாக்கப்பட்டது.

பி.சி.பி.ஆர்னா என்ன?

உயிர் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு. ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது, ஒப்புதல் எப்படி வாங்குவது, முடிவை எப்படி எழுதுவது என எல்லாமே வீடியோ பாடங்கள். என்.பி.டெல் தளத்தில் பார்க்கலாம். முடிவில் தேர்வு.

யாருக்கு கட்டாயம்?

மருத்துவ முதுநிலை மாணவர்கள் ஆராய்ச்சி முறைப் படிப்பை முதல் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆகவும் இது தேவை. 2025 விதிகளின்படி, அரசு மருத்துவமனை அனுபவத்தை வைத்து நேரடியாக உதவிப் பேராசிரியர் அல்லது இணைப் பேராசிரியர் பணிக்கு வரும் டாக்டர்களும் 2 ஆண்டுக்குள் முடிக்கணும்.

பாடம் நடத்துறவருக்கு எதுக்கு?

ஒவ்வொரு முதுநிலை மாணவரும் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு வழிகாட்டி அவருடைய பேராசிரியர்தான். இரண்டு பி.பி மாத்திரைகளில் எது நல்லதுன்னு வெறும் 20 பேரிடம் மாணவர் சோதித்தால், கிடைக்கும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இதை ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டியவர் வழிகாட்டி. அவருக்கே தெரியலைன்னா, மாணவரின் உழைப்பும் நோயாளிகளின் ஒத்துழைப்பும் வீண்.

இது மட்டும் போதுமா?

போதாது. எப்படிக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது என்பதற்குத் தனியாக மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி உண்டு. பதவி உயர்வுக்கு அதுவும் தேவை. பூந்தமல்லி பக்கத்தில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி இதற்கான மையங்களில் ஒன்று. புதுச்சேரி ஜிப்மரில் 1970-களிலேயே மருத்துவ ஆசிரியர் பயிற்சி தொடங்கிவிட்டது.

நமக்கு என்ன?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, 'ஆய்வுக்கு ஒத்துழைப்பீங்களா' என்று இளம் டாக்டர் ஒரு படிவத்தை நீட்டலாம். எதுக்காக, என்ன பரிசோதனை, வழிகாட்டி யார் என்று கேளுங்க. விளக்கம் தமிழில் கேட்டு வாங்கலாம். விருப்பமில்லைன்னா மறுக்கலாம், நடுவிலும் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கக் கூடாது என்பதுதான் விதி.