வசனம் எழுதாத விருந்து

2013-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட் திரைப்பட விழாவில், 'கோஹரன்ஸ்' என்ற சின்னப் படத்துக்குச் சிறந்த திரைக்கதை விருது கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்துக்கு வசனமே எழுதவில்லை. நடித்தவர்களில் பெரும்பாலோர் திரைக்கதைப் பிரதி என்று ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்று தொடங்கிய வாய்ச்சண்டை இன்றும் ஓயவில்லை. மூளையைக் கசக்க வைக்கும் அற்புதம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. எட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்துவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது என்று இன்னொரு கூட்டம் கேட்கிறது. சினிமா பார்க்கும் நண்பர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்து இந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள். படம் முடிவதற்குள் இரண்டு கட்சி ஆகிவிடும்.

இயக்குநர் ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் பெரிய படங்களின் பட்டறையில் இருந்து வந்தவர். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படங்களுக்குக் காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்து கொடுத்தார். 'ராங்கோ'வின் கதையிலும் அவர் கை உண்டு. ஒவ்வொரு ஷாட்டையும் காகிதத்தில் தீர்த்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுகிற வேலை அது. சொந்தமாக முதல் முழுநீளப் படம் எடுக்க வந்தபோது நேர் எதிர்த்திசையில் போனார். சான்டா மோனிகாவில் தன் சொந்த வீடு, ஐந்து இரவுகள், சுமார் 50,000 டாலர் செலவு, எட்டு நடிகர்கள். அவ்வளவுதான் முதல். ஹாலிவுட் கணக்கில் இது டீச்செலவு.

அதற்காக எல்லாவற்றையும் விதியின் கையில் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நடிகரும் நண்பருமான அலெக்ஸ் மனுகியனோடு உட்கார்ந்து ஏறத்தாழ ஒரு வருடம் கதையின் முடிச்சுகளைப் போட்டார். எந்த நேரத்தில் யார் வெளியே போகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள், எந்தப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் முன்பே முடிவானவை. நடிகர்களுக்குக் கிடைத்தது தினம் ஒரு குறிப்புத் தாள் மட்டும்: உன் கதாபாத்திரத்தின் பழைய கதை இது, இன்று நீ இதைச் சொல்லிவிட வேண்டும், இதை மறைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. கதவு தட்டப்படும்போது தூக்கிவாரிப் போடுகிறதே, அதில் பாதி நிஜம்.

கதை எளிதாகத்தான் தொடங்குகிறது. வால்நட்சத்திரம் ஒன்று பூமிக்கு அருகே கடக்கிற இரவு. நான்கு ஜோடிகள் விருந்துக்குக் கூடுகிறார்கள். எம் என்ற நடனப் பெண், அவள் காதலன் கெவின். கெவினின் பழைய காதலி லாரி, அவளைக் கூட்டிவந்திருக்கும் அமீர். வீட்டுக்காரர்கள் மைக், லீ. நடுவயதுத் தம்பதி ஹ்யூ, பெத். மின்சாரம் போகிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். போய்ப் பார்த்தால் அந்த வீட்டிலும் இதே எட்டுப் பேர், இதே விருந்து.

(படம் பார்க்காதவர்கள் வேண்டுமானால் இங்கே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வரலாம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.)

படத்தைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் புதிரைக் கொண்டாடுகிறார்கள். இப்படி நகலாகும் வீடுகள் மொத்தம் எத்தனை, எந்த ஹ்யூ எந்த வீட்டுக்காரர், இருட்டில் வெளியே போகும்போது எந்தக் குழுவிடம் நீல ஒளிக்குச்சி, எதனிடம் சிவப்பு என்று வரைபடம் போடுகிறார்கள். குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் பூனை தவறாமல் வந்துவிடும். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். படமே அதற்குத் தீனி போடுகிறது. ஆனால் இந்தப் படத்தில் மிகப் பலவீனமான இடம் எதுவென்று என்னைக் கேட்டால் அந்த அறிவியல் பகுதியைத்தான் காட்டுவேன். ஹ்யூவின் தம்பி இயற்பியலாளராம். அவர் சம்பந்தப்பட்ட புத்தகம் ஒன்று சரியாக அன்றைக்குக் காரில் கிடக்கிறதாம். அதை எடுத்துவந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்ததும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிடுகிறதாம். பேசிப் பேசியே காட்சியை உருவாக்கும் நடிகர்கள் அந்த இடத்தில் திடீரென்று பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். நடிப்பவருக்கே புரியாத ஒன்றை அந்தக் கணத்தில் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

இதே முறை அந்தரங்கங்களுக்கு வரும்போது வேறு ஆட்டம் ஆடுகிறது. முதல் இருபது நிமிடத்தைப் பாருங்கள். பலரும் 'போரடிக்கிறது' என்று கைவிடுவது அங்கேதான். சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கெங்கோ ஓடுகிறது. எம் தனக்கு நழுவிப்போன நடன வாய்ப்பைப் பற்றிப் பேச வேண்டி வருகிறது. அவள் தயங்கிய இடைவெளியில் இன்னொருத்தி உள்ளே நுழைந்து பேர் வாங்கிவிட்டாள். அதைச் சொல்லும்போது யாரும் முழுசாகக் கேட்பதில்லை. ஒருவர் இடைமறிக்கிறார், ஒருவர் ஆறுதல் சொல்லப் போய் இன்னும் புண்ணாக்குகிறார், லாரி அக்கறையோடு கேட்பதுபோல் கத்தியைத் திருகுகிறாள். எழுதிய வசனமாக இருந்தால் எம்முக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்திருக்கும். மற்றவர்கள் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். எந்த விருந்தில் அப்படி நடக்கிறது? 'ஒருவர்மேல் ஒருவர் பேசுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை' என்று சலித்துக்கொள்பவர்களின் குறை நியாயமானதுதான். ஆனால் ரகசியங்கள் தப்பித்துக்கொண்டிருப்பது அந்த இரைச்சலுக்குள்தான்.

இன்னொரு சின்ன இடம். மைக் தன்னை நடிகன் என்று சொல்லி, 'ராஸ்வெல்' தொடரில் நடித்ததாகப் பெருமையடிக்கிறான். அந்தத் தொடரை விடாமல் பார்த்த லாரிக்கு அவன் முகம் நினைவுக்கு வரவில்லை. மைக்காக நடித்த நிக்கோலஸ் பிரெண்டன் நிஜத்தில் பிரபலமானது அதே காலகட்டத்தின் 'பஃபி' தொடரில். ஒரு சாரார் இதை நடிகரின் கிண்டல் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இன்னொரு சாரார், அந்த லாரி வேறு உலகத்திலிருந்து வந்திருக்கிறாள் என்பதற்கு முதல் தடயமே இதுதான் என்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். கொஞ்ச காலம் பெயர் வாங்கி, பிறகு மறக்கப்பட்டு, குடியில் விழுந்து எழுந்தவன் அவன். புதிதாக வந்த பெண் முன்னால் அவன் முகம் ஒரு நொடி சுருங்குவதற்கு வால்நட்சத்திரம் எதுவும் தேவையில்லை.

மைக்கிடம்தான் படத்தின் உச்சகட்ட யோசனையும் பிறக்கிறது. அடுத்த வீட்டில் இருக்கும் தன் நகல் வந்து தாக்குவான் என்று பயப்படுகிறான். ஏனென்றால் குடித்தால் தான் எப்படிப்பட்டவன் என்பது அவனுக்குத் தெரியும். அவனை அடக்க வழி? மிரட்டல் கடிதம். எதை வைத்து மிரட்டுவது? முன்பொரு காலத்தில் தனக்கும் நண்பன் மனைவி பெத்துக்கும் இருந்த உறவை வைத்து. தன் ரகசியத்தைக் காட்டித் தன்னையே மிரட்டுகிற மனிதன்! காகிதத்தில் எழுதியிருந்தால் இது வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கும். இங்கே அவன் வெட்கமும் பதற்றமுமாக அதை உளறிக்கொட்டுவதைப் பார்க்கையில் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

'வெளியே ஆபத்து என்று தெரிந்த பிறகும் ஏன் வீட்டைவிட்டுப் போகிறார்கள், முட்டாள்களா?' என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. படத்தின் முன்பாதிக்கு இதற்குச் சரியான பதில் இல்லை. கதை நகர வேண்டும், போகிறார்கள். பின்பாதியில் பதில் இருக்கிறது. எல்லாம் அம்பலமான பிறகு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது தெருவின் இருட்டைவிட மோசம்.

2016-இல் வந்த இத்தாலியப் படம் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' நினைவுக்கு வராமல் இருக்காது. அதிலும் நண்பர்களின் விருந்து, அதிலும் வானில் ஒரு நிகழ்வு: சந்திர கிரகணம். எல்லோரும் செல்போனை மேசைமேல் வைத்து, வருகிற அழைப்பையும் செய்தியையும் ஊருக்கே காட்ட வேண்டும் என்று ஒரு விளையாட்டு. கடிகாரம்போல் முடுக்கிய திரைக்கதை அது. அதனால்தான் 2019-க்குள் 18 முறை மறு ஆக்கம் செய்யப்பட்டு கின்னஸில் ஏறியது. எந்த நாட்டு நடிகரை உட்கார வைத்தாலும் ஓடும். 'கோஹரன்ஸ்' படத்தை அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது. முடிச்சுகளைக் கடன் வாங்கலாம்; அந்த ஐந்து இரவின் தடுமாற்றத்தை யாரிடம் வாங்குவது?

கேமரா ஆட்டத்துக்கும் திடீர் இருட்டு வெட்டுகளுக்கும் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. பேச்சு பாதியில் அறுந்து திரை கறுப்பாவது முதல் இரண்டு முறை திகைக்க வைக்கிறது, அப்புறம் அலுப்பு. ஒவ்வொரு கறுப்பும் உலகம் மாறுவதன் குறி என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, எங்கே முடியும் என்று தெரியாத பேச்சைத் தொகுப்பாளர் வேறெப்படியும் முடிக்க இயலாமல் கத்தரித்ததாகத்தான் படுகிறது.

அதிகம் சண்டை நடப்பது முடிவைப் பற்றி. எம் தன் வீட்டைக் கைவிட்டு, வீடு வீடாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகிறாள். ஒரு வீட்டில் எதுவும் உடையவில்லை. ரகசியங்கள் வெளிவரவில்லை, கெவின் அன்பாக இருக்கிறான். அந்த வீட்டு எம்மைத் தாக்கிவிட்டு அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இவ்வளவு நேரம் கூடவே வந்த நல்ல பெண் இதைச் செய்வாளா என்று பலருக்குக் கோபம். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. தயங்கித் தயங்கியே எல்லாவற்றையும் இழந்தவள் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். தன் இடத்தை இன்னொருத்தி பிடித்துக்கொண்ட கதையை அவள் வாயாலேயே கேட்டோம். இப்போது அவள் அந்த 'இன்னொருத்தி' ஆகிறாள், அவ்வளவுதான். உறுத்துவது வேறொன்று: எம் தேர்ந்தெடுக்கிற அந்த வீட்டிலும் மைக் இருக்கிறான், பெத் இருக்கிறாள், அவர்களுடைய பழைய கதையும் இருக்கிறது. அங்கே யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.