குடுவை இல்லாத வேதியியல் கூடம்!

புதுதில்லி: பியூரெட்டிலிருந்து காரக் கரைசல் துளித்துளியாக இறங்குகிறது. கீழே, நிறங்காட்டி கலந்த அமிலம் வெளிர் சிவப்பாக மாறும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு துளி கூடினாலும் கணக்குப் பிசகும். பிளஸ் 2 வேதியியல் பயின்றோர் எளிதில் மறக்க முடியாத இச்செய்முறையை, அமிலமோ குடுவையோ இன்றி, கணினித் திரையிலேயே செய்து பார்க்கலாம் என்கின்றன "மெய்நிகர் ஆய்வகங்கள்".

இது புதிய யோசனையன்று. உயர்கல்விக்காக மத்திய அரசு 2009-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், தில்லி ஐஐடி ஒருங்கிணைப்பில் இத்தகைய ஆய்வகங்கள் உருவாயின. 9 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக, மும்பை சி-டாக் நிறுவனமும், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் இணைந்து "ஓலேப்ஸ்" என்ற தளத்தை அமைத்தன. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதனை வலியுறுத்தியது. கரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின், 2022-23 பட்ஜெட்டில், அறிவியல், கணிதப் பாடங்களுக்கு 750 மெய்நிகர் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

ஆனால், திரை எங்கே? கல்வி அமைச்சகத்தின் "யுடைஸ் பிளஸ்" புள்ளிவிவரப்படி, 2023-24-ல் நாட்டிலுள்ள பள்ளிகளில் கணினி வசதி பெற்றவை 57.2 சதவீதமே, இணைய வசதி 53.9 சதவீதம். 2024-25-ல் இவை முறையே 64.7, 63.5 சதவீதமாக உயர்ந்தன. முன்னேற்றம்தான். எனினும் தனியார் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு இது என்பதை மறந்துவிடலாகாது.

மெய்நிகர் ஆய்வகத்தின் பயனை மறுப்பதற்கில்லை. நூறு முறை தவறு செய்தாலும் ரசாயனம் வீணாகாது. கண்ணில் அமிலம் தெறிக்காது. ஊசலின் நீளத்தையும் ஈர்ப்பு விசையையும் மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். உண்மைக் கூடத்திலோ ஈர்ப்பு விசையை மாற்ற யாரால் இயலும்? ஆயினும், பிப்பெட்டை விரலால் அடைத்துப் பிடிக்கும் லாவகத்தைச் சுட்டெலி கற்றுத்தராது.

செய்முறைக்கு முன் ஒத்திகையாக இது அமைந்தால் நன்று. ஆய்வுக்கூடமும் அறிவியல் ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கு, அவற்றுக்குப் பதிலாக ஓர் இணைய முகவரியைக் கொடுத்து "வசதி செய்தாகிவிட்டது" எனக் கோப்பை மூடினால், இழப்பு அரசுப் பள்ளி மாணவருக்கே. கட்டணப் பள்ளி மாணவருக்கு இரண்டும் கிடைக்கும்.

அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் "பாரத்நெட்" வாயிலாக அகண்ட அலைவரிசை இணைப்பு வழங்கப்படும் என 2025-26 பட்ஜெட் உறுதியளித்துள்ளது. இணைப்பு வந்தபின் மாதக் கட்டணத்தையும், பழுதாகும் கணினிகளையும் யார் கவனிப்பது என்பதே தலைமை ஆசிரியர்கள் முன்னுள்ள அடுத்த கேள்வி.