கோடியக்கரையில் புயல்களும் கடற்பறவைகளும்

கோடியக்கரை, தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் வங்காள விரிகுடாவும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் முனையில் அமைந்துள்ள கடற்கரைப் பகுதியாகும். இங்குள்ள காட்டுயிர் உய்விடம் 1967 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இதனையும் வேதாரணியச் சதுப்பு நிலத்தையும் உள்ளடக்கிய பகுதி 2002 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வலசைப் பறவைகள் வந்து சேரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களே இக்கரையின் புயற்காலமும் ஆகும்.

கடற்கரை

நாகப்பட்டினத்தை ஒட்டிய கரையை 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கடுமையாகத் தாக்கின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. புயற்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகின்றது. ஆழ்கடலில் அந்நீர் அடிப்பகுதி வழியே திரும்பிச் செல்ல இயலும். ஆழம் குறைந்த பாக்கு நீரிணையில் அதற்கு வழி குறைவு. எனவே நீர்மட்டம் உயர்ந்து, கடலடிச் சேற்றுடன் நிலத்தினுள் புகுகின்றது.

பறவைகள்

புயலின் நேரடித் தாக்குதலை மட்டும் கணக்கில் கொள்வது போதாது. இங்கு ஓத ஏற்றத்தாழ்வு சிறியது. ஆகவே சதுப்பு நிலத்தின் நீர்மட்டத்தைக் காற்றே பெரிதும் தீர்மானிக்கின்றது. நீர் சில அங்குலங்கள் உயர்ந்தாலே, ஈரச்சேற்றில் இரை தேடும் சிறு உள்ளான்கள் மேய்ச்சல் இடத்தை இழக்கின்றன. நீண்ட கால்களையுடைய பூநாரைகளுக்கு அதே நீர் தடையாவதில்லை. ஆயினும் பெருமழை நீரின் உப்புத்தன்மையைக் குறைப்பதால், அவை உண்ணும் நுண்ணுயிரிகளின் அளவு மாறி, அவையும் இடம்பெயர நேரிடலாம். மேலிருந்து பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாக்களுக்குக் கலங்கிய நீரில் இரை புலப்படுவது கடினம். கரைக்கு அரிதாக வரும் ஆழ்கடற் பறவைகள் சில வேளைகளில் காற்றில் அடித்து வரப்பட்டு, களைத்த நிலையில் உள்நாட்டில் காணப்படுவதும் உண்டு. இவற்றைக் கண்டு அப்பகுதியின் இயல்பான பறவைகள் எனக் கொள்ளலாகாது.

கஜா புயலின்போது உய்விடத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. வெளிமான்களும் பறவைகளும் உயிரிழந்தன.

புயலுக்குப் பின் பறவைகளின் எண்ணிக்கை குறைவது, அவை அனைத்தும் இறந்துவிட்டதைக் குறிக்காது. பல வேறு ஈரநிலங்களுக்குச் சென்றிருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை அறியக் காலில் வளையமிடும் முறை உதவுகின்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் கோடியக்கரையில் இப்பணியைப் பெருமளவில் மேற்கொண்டது. வளையமிட்ட பறவை வேறோரிடத்தில் பிடிபட்டால், அது உயிருடன் இடம்பெயர்ந்தமை உறுதியாகின்றது.