ஆட்டோ வரட்டும்... அதுவரை?

அம்பாசமுத்திரத்தில் ஆட்டோ இல்லாமல் ஒருநாள் ஓடுமா? பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட... எல்லாத்துக்கும் ஆட்டோதான். வயக்காட்டில் யாரையாவது பாம்பு கடித்தாலும் முதலில் ஓடிவருவது அதுதானே!

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-லிருந்து இருக்கிறது. முதலில் அதைக் கூப்பிடுங்கள். வர நேரமாகும் என்றால் ஆட்டோவிலேயே கிளம்புங்கள். ஆனால் கடிபட்டவரை ஆட்டோ ஸ்டாண்டு வரை நடக்க விடாதீர்கள். வண்டி அவரிடம் வரட்டும். (நம்ம ஊர் ஆட்டோ அண்ணாச்சிமார் வரப்பு ஓரம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவார்கள்!) கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது... இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருத்தர் போதும், தெருவே ஏறவேண்டாம்.

"வலியில்லை, வீக்கமில்லை, தண்ணிப்பாம்பாத்தான் இருக்கும்" என்பார்கள். நம்பாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது! கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சுக் குழறும், அப்புறம் மூச்சே நின்றுபோகும். மந்திரிக்கிறவர் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையே இல்லை.