படைத்தலைவர்கள் பெற்ற பெயர்கள்

பழங்காலப் போர்களைக் கணிப்பொறியில் ஆடும் விளையாட்டுகளை இன்றைய பிள்ளைகள் நன்கறிவர். கொச்சி பிராட்வேயில் கடை வைத்திருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள். அவ்விளையாட்டுகள் சிலவற்றில், படைத்தலைவனின் செய்கைக்கேற்ப ‘அஞ்சாதவன்’ என்றோ ‘இரக்கமற்றவன்’ என்றோ ஓர் அடைமொழி அவன் பெயரோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆடுபவர் அதைக் கேட்டுப் பெற இயலாது.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. சங்க காலத்தில் சிறந்த படைத்தலைவனுக்கு அரசன் ‘ஏனாதி’ என்ற பட்டத்தையும், அதற்கு அடையாளமாக ஒரு மோதிரத்தையும் அளித்தான். முதலாம் இராசராசனின் சேனாபதி கிருஷ்ணன் இராமன் ‘மும்முடிச்சோழப் பிரமராயன்’ எனப்பட்டார். மும்முடிச்சோழன் என்பது இராசராசனின் பெயர்களுள் ஒன்று. பட்டம் பெற்றவர் சேனாபதியே ஆயினும், அதில் முன்னே நிற்பது கொடுத்தவன் பெயர்! அரசர்களோ தம் வெற்றிகளைத் தாமே பட்டமாகச் சூடினர். அவற்றுள் ‘கேரளாந்தகன்’ என்பதைக் கேரளத்தில் பிழைக்கும் நாம் உரக்கச் சொல்லாமலிருப்பது நலம்.

பிராட்வேயிலிருந்து காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே ‘டச்சு அரண்மனை’ என வழங்கும் மாளிகையைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள். டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போயிற்று. பெயர் எப்போதும் உரியவரையே சேரும் என்பதில்லை.

இக்கரையோரக் கடலில் போர்த்துகீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரக்கார்களின் கதையும் பெயரைப் பற்றியதே. குஞ்ஞாலி என்பது ஒருவர் பெயரன்று. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் நால்வர் அடுத்தடுத்துத் தாங்கிய பட்டம். மரக்கார் என்பது நம் மரக்காயர் என்ற சொல்லுக்கு உறவு. நான்காம் குஞ்ஞாலி இப்பட்டத்தோடு அமையாமல், ‘இந்தியக் கடல்களின் தலைவர்’ என்று தம்மை அழைத்துக்கொண்டதாகக் கூறுவர். சாமூதிரி சினந்து, பகைவரான போர்த்துகீசியரோடே கூடி அவர் கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதி பெற்று 1600-இல் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றனர். அவர் செருக்கை மட்டும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கொடுத்த வாக்கு அங்கே மீறப்பட்டது. இன்று நம் கடற்படையின் மும்பை நிலையமொன்று ‘குஞ்ஞாலி’ என்ற பெயரைத் தாங்குகிறது.

நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் டிலனாய். 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக் கம்பெனியின் படையில் அவர் பணியாற்றினார். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் அப்படையை முறியடித்தபோது டிலனாய் சிறைப்பட்டார். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தம் வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். துப்பாக்கியும் பீரங்கியும் கையாளும் புதுப் படை உருவாயிற்று. உதயகிரிக் கோட்டை வலுப்பெற்றது. வட எல்லையில் நெடுங்கோட்டை எழுந்தது.

கைதியாய் வந்தவர் காலப்போக்கில் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். வலிய என்றால் பெரிய. கப்பித்தான் என்பது போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. டச்சுக் கம்பெனியின் பழைய வீரருக்குப் போர்த்துகீசியச் சொல்லில் மலையாள நாடு தந்த பெயர்! வந்த ஊர் தரும் பெயரை உழைத்துத்தான் பெறவேண்டும் என்பதைப் பிழைப்பு தேடி வந்த நாம் அறியாதவர்களல்லோம்.

அவர் 1777-இல் மறைந்தார். புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் அவரது கல்லறை இருக்கிறது. 1956-இல் அப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. கல்லறையின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நாகர்கோவில் பக்கம் ஊருக்குப் போகும் நேயர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தார் அவருடைய பெயரையும் தம் நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு, அக்கோட்டையைத் ‘தில்லானைக் கோட்டை’ என்று வழங்கினர்.