ஒலிப்பதிவுகளும் உரப்புச் சமன்பாடும்

ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்துக் காத்த மரபு நம்முடையது. இன்று காக்க வேண்டிய செல்வங்களுள் ஒலிப்பதிவுகளும் அடங்கும். நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) போன்றோர் பாடிய இசுலாமியத் தமிழ்ப் பாடல்கள் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு என்னும் மூவகை ஊடகங்களிலும் வழங்கி வந்தன. அவற்றைக் கணினியில் சேர்த்து வைப்போர் முதலில் காணும் இடர் ஒலியளவு வேறுபாடாகும். ஒரு பாடல் செவியைத் துளைக்கும். அடுத்த பாடல் செவிக்கு எட்டாது. மூலப் பதிவுக்கு ஊறு நேராமல் இவ்வேறுபாட்டைக் களையும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

இழப்பிலாக் கோப்பு

குறுந்தகட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பெறுகிறது. எம்பி3 முறை, செவி உணராது எனக் கருதும் பகுதிகளை நீக்கிக் கோப்பினைச் சிறிதாக்கும், நீக்கியது மீளாது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஃபிளாக் முறையோ எதனையும் நீக்குவதில்லை. கோப்பினை ஏறத்தாழப் பாதியளவாகச் சுருக்கினும், ஒலிக்குங்கால் ஓர் எண்ணும் பிறழாமல் விரித்துத் தருகிறது. எனவே, பாதுகாப்பதற்கு உரியது இம்முறையே எனலாம்.

வேறுபாட்டின் காரணம்

தமிழிசை மரபு கூறும் மெலிவு, சமன், வலிவு என்பன சுருதியின் நிலைகளாகும். இங்கு நாம் பேசுவது உரப்பு, அஃதாவது ஒலி செவியில் படும் வன்மை. இது டெசிபெல் என்னும் அலகால் குறிக்கப்பெறும். ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுபவர் தம் கருவியில் வைக்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலும், 1990களில் தொடங்கிக் குறுந்தகடுகளை ஒன்றைவிட ஒன்று உரக்க ஒலிக்குமாறு ஆக்கும் போட்டி மேலைநாட்டு இசைத்துறையில் மிகுந்தது. மெட்டாலிகா குழுவின் 2008ஆம் ஆண்டு வெளியீடான 'டெத் மேக்னெடிக்' இக்காரணத்தால் பலரது கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

உச்சமும் உரப்பும்

ஒவ்வொரு பாடலின் உச்ச அலையையும் ஒரே உயரத்திற்குக் கொணர்ந்தால் போதும் எனச் சிலர் கருதுவர். இது பொருந்தாது. பழைய இசைத்தட்டில் உள்ள ஒரு கீறல் 'டக்' என ஒலிக்கும் ஒரு கணமே உச்சமாகிவிடக் கூடும். அக்கீறல் முழு உயரத்தை எட்டிய பின்னரும் பாடகரின் குரல் தாழ்ந்தே நிற்கும்.

செவி உணர்வதை அளக்கும் முறையே வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ஆம் ஆண்டு வெளியிட்டுப் பின்னர்த் திருத்திய அளவுமுறை அத்தகையது. ஆழ்ந்த தாழ்சுருதி ஒலிகளைச் செவி குறைவாகவே உணரும் என்பதை அது கருத்திற் கொள்கிறது. இடையில் வரும் அமைதியையும் மிகத் தாழ்ந்த பகுதிகளையும் விடுத்து, எஞ்சியவற்றின் சராசரியைக் காண்கிறது. இவ்வளவின் அலகு எல்யுஎஃப்எஸ் எனப்படும்.

குறிப்பில் எழுதும் முறை

உ.வே. சாமிநாதையர் (1855–1942) சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது, வேறுபட்ட பாடங்களைக் குறிப்பாகத் தந்தார்; கற்போர் ஒப்பிட்டு அறிய வழி செய்தார். டேவிட் ராபின்சன் 2001ஆம் ஆண்டு முன்மொழிந்த ரீப்ளேகெயின் முறையும் குறிப்பினையே நம்புகிறது. மென்பொருள் பாடலின் உரப்பை அளந்து, எத்தனை டெசிபெல் கூட்ட வேண்டும் அல்லது குறைக்க வேண்டும் என்பதைக் கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதி வைக்கிறது. ஒலிக்கும் கருவி அதனைப் படித்து அளவைத் திருத்திக்கொள்கிறது. பாடலின் ஒலியெண்கள் தீண்டப்படுவதில்லை. ஃபிளாக் கோப்பினுள் உள்ள எம்டி5 என்னும் சரிபார்ப்பு எண் மாறாதிருப்பதே இதற்குச் சான்று. குறிப்பை நீக்கினால் பாடல் பழைய நிலையை அடையும்.

இம்முறையில் இன்று இலக்காகக் கொள்ளப்படும் அளவு −18 எல்யுஎஃப்எஸ் ஆகும். ஒரு புதிய குறுந்தகட்டுப் பாடல் −9 என்னும் அளவில் இருப்பின், 9 டெசிபெல் குறைக்குமாறு குறிப்பு அமையும். பழைய நாடாப் பாடல் −26 இல் இருப்பின், 8 டெசிபெல் கூட்ட வேண்டும். ஆயின், அதன் உச்ச அலை எல்லைக்கு 3 டெசிபெல் மட்டுமே கீழே இருக்குமாயின், 8 கூட்டும்போது அலையின் தலை வெட்டுண்டு கரகரப்பு தோன்றும். ஆதலின், கருவியில் உள்ள உச்சத் தடுப்பு வசதியைப் பயன்படுத்துதல் வேண்டும். பாடல் சிறிது தாழ்ந்து ஒலிப்பது சிதைந்து ஒலிப்பதினும் மேலானது.

தனிப்பாடலும் தொகுப்பும்

இம்முறையில் இரு குறிப்புகள் உண்டு. ஒன்று ஒவ்வொரு பாடலையும் தனித்து அளப்பது. மற்றொன்று தொகுப்பு முழுவதையும் ஒன்றாக அளப்பது. ஒரே தொகுப்பில் தஃப் முழக்கத்துடன் கூடிய பாடலும், உருகி வேண்டும் முனாஜாத்தும் இருக்கலாம். தனித்து அளந்தால் மெல்லிய வேண்டலும் முழக்கத்திற்கு இணையாக உரத்துவிடும். பாடியவரின் கருத்து சிதையும். தொகுப்பாகக் கேட்குங்கால் தொகுப்பு அளவையும், பல தொகுப்புகளிலிருந்து பாடல்களைக் கலந்து ஒலிக்குங்கால் தனி அளவையும் கொள்வதே முறை.

ஒரு பாடலின் உள்ளேயே உள்ள ஏற்ற இறக்கத்தை நசுக்கும் முறைகள் வேறு. அவற்றை மூலக் கோப்பின்மேல் செய்தல் கூடாது. கிராஅத் ஓதுவோரின் குரல் ஓரிடத்தில் தாழ்ந்து ஓரிடத்தில் ஓங்குவது பொருள் பொதிந்தது. அதனை ஒரே மட்டமாக்கினால் ஓசை எஞ்சும், உணர்வு எஞ்சாது.

செய்முறை

ஃபூபார்2000 என்னும் இலவச மென்பொருளில் ஒரு தொகுப்பின் பாடல்களைத் தெரிவுசெய்து, ரீப்ளேகெயின் பகுதியில் தொகுப்பாக அளக்குமாறு பணித்தால், இரு குறிப்புகளும் ஒருங்கே கிடைக்கும். அவற்றைக் கோப்பில் சேமித்தல் வேண்டும். மகிழுந்து முதலியவற்றில் உள்ள சில கருவிகள் இக்குறிப்பைப் படிப்பதில்லை. அவற்றிற்கென அளவு திருத்திய படி ஒன்றைத் தனியே ஆக்கிக்கொள்ளலாம். மூலக்கோப்பு மட்டும் மாறாமல் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

நிறைவுரை

உரக்க ஒலிக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால் மூலக் கோப்பையே மாற்றிச் சேமித்து, நாடாவையும் எறிந்துவிடுவோர் உளர். அலையின் தலை வெட்டுண்ட பின் அதனை முன்போல் மீட்க இயலாது. செல்லரித்த ஏட்டின் எழுத்தைப் போன்றதே அதுவும். நம் பெரியோர் இல்லங்களில் உள்ள பழம்பதிவுகளைக் கேட்டுப் பெற்று, இழப்பிலா முறையில் மாற்றி, திருத்தத்தைக் குறிப்பில் மட்டும் எழுதி வைக்கும் பணியைத் தமிழ் மாணவர் மேற்கொள்ளலாம். குரலைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. அதனை அடுத்த தலைமுறைக்குக் கேட்பிக்கும் கடமை உண்டு. அப்பணி சிறக்க இறைவன் அருள்புரிவானாக.